கல்யாணம் முடியட்டும் என்றார்கள்

1969ஆம் ஆண்டு செப்டம்பர் மூன்றாம் தேதி, புதன்கிழமை முற்பகலில், கோட்டையூர் உமையாள் ஆச்சிக்குத் தம் நெஞ்சுக்குள் இருந்த நோயின் பெயர் தெரியவந்தது. அவருடைய குறை நோயைப் பற்றியதன்று. அந்தப் பெயர் அவருடைய தம்பிக்குச் சென்ற ஐப்பசியிலேயே தெரியும். தம்பியின் மனைவிக்குத் தெரியும். படம் எடுத்துப் பார்த்த டாக்டருக்குத் தெரியும். நோய் யாருடையதோ அவருக்கு மட்டும் தெரியாது. அதுதான் குறை.

அன்று காலை பல் விளக்கும்போது இருமல் வந்தது. வாயைத் துடைத்த துணியில் இரத்தம் இருந்தது. உடம்புக்கு ஏதேனும் என்றால், காரைக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த தம்பி இராமுவுக்குச் சொல்லியனுப்புவது அவர் வழக்கம். அவன் வந்து அழைத்துப் போவான். அன்று சொல்லியனுப்பத் தோன்றவில்லை. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, டாக்டரைப் பார்க்கத் தாமே காரைக்குடி டவுன் பஸ்ஸில் ஏறினார்.

“டிரைவரண்ணே, இனி நீங்க ஹாரன் அடிக்க வேண்டியதில்லை. ஆச்சி ஏறிட்டாக” என்றான் கண்டக்டர் சோணை.

“உன் வண்டி கக்குற புகையிலதான்டா எனக்குப் பாதி இருமல். டிக்கெட்டுல கழிச்சுக் குடு.”

“அடுப்புல வாங்குன இருமலை எங்க முதலாளி தலையில கட்டுறீகளே ஆச்சி!”

பஸ் முழுவதும் சிரித்தது. ஆச்சியும் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே மறுபடியும் இருமினார். இருமல் அவருக்கு ஊர் வைத்த அடையாளம். தெருவில் அவர் வருகிறார் என்பதை முகம் பார்த்து அறிந்தவர்களைவிட இருமல் கேட்டு அறிந்தவர்களே மிகுதி. அதுதான் பிற்பாடு கேடாக முடிந்தது. நாள்தோறும் கேட்கிற ஒலியை யார் உற்றுக் கேட்கிறார்கள்?

இருமல் வந்த வழி எல்லோருக்கும் தெரிந்ததே. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன கணவர் போர்க்காலத்தில் அங்கேயே இறந்துவிட, பிள்ளையில்லாத உமையாள் ஆச்சி இளம் வயதிலேயே தனித்துப்போனார். உறவினர் வீட்டுத் திருமணங்களுக்குப் பலகாரம் செய்வதில் தம் நாள்களைக் கழித்தார். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம். அவர் கைப்பட்ட அதிரசம் வாரக்கணக்கில் மெத்தென்றிருக்கும். விறகடுப்பின் புகையும், உமியடுப்பின் புகையும், காய்ந்த எண்ணெயின் ஆவியும் கால் நூற்றாண்டாக அவர் மார்புக்குள் போயின. மார்கழி வந்தால் மூச்சு இரையும். காலையில் கட்டிக் கட்டியாகச் சளி வரும். டாக்டர் அதற்கு ‘நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி’ என்று பெயர் சொல்லி, மருந்தும் ஊசியும் கொடுத்துவந்தார்.

ஆனால் பங்குனிக்குப் பிறகு இருமல் மாறியிருந்தது. ஊர் அறியாவிட்டாலும் ஆச்சி அறிந்திருந்தார். பழைய இருமல் அடிவயிற்றிலிருந்து புறப்பட்டுச் சளியோடு முடியும். இருமி முடித்தால் சற்று ஆறுதல் உண்டு. புதிய இருமலில் சளி இல்லை, ஆறுதலும் இல்லை. வலப்பக்கத்தில் ஒரே இடத்தில் உமி ஒட்டிக்கொண்டாற்போல் உறுத்தும். தோள்பட்டை வலித்தது. இரவிக்கை தொளதொளத்தது. வைகாசியில் இதைத் தம்பியிடம் சொன்னார்.

“இராமு, இது என் இருமல் இல்லைடா. வேற யாரோ எனக்குள்ள உட்காந்து இருமுறாப்புல இருக்கு.”

அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “தாளிப்பு நெடியா இருக்கும் ஆச்சி” என்றான். நகரத்தார் வீட்டில் அக்காளை ‘ஆச்சி’ என்றே அழைப்பார்கள். அவன் அப்படி அழைக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு குளிரும். தவழ்கிற வயதில் தாயை இழந்தவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவர்தாம். அடுத்த வாரமே அவன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிவந்து கொடுத்தான். ஐப்பசி முதலே, டாக்டரிடம் அழைத்துப் போவதற்குப் பதிலாக, மாதந்தவறாமல் கொடுத்துவந்தான். காலியான பாட்டில்களில் ஆச்சி சுண்டை வற்றலும் மிளகாய் வற்றலும் போட்டு வரிசையாக அடுக்கியிருந்தார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “தம்பி வாங்கிக் குடுத்தது” என்று காட்டுவார்.

டாக்டர் அறைக்குள் ஆச்சி நுழைந்ததும், டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“வாங்க ஆச்சி. வேலூர்ல என்ன சொன்னாக? ஆபரேஷன் செஞ்சாகளா, இல்லை கரண்டு வச்சதோட விட்டுட்டாகளா? இராமு அதுக்கப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலையே.”

ஆச்சி திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

“எந்த ஆச்சியைக் கேக்குறீக டாக்டர்?”

“உங்களைத்தான்.”

“நான் மதுரையைத் தாண்டினதே இல்லை. வேலூருல எனக்கு என்ன சோலி?”

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். மூடியதைத் திறந்தார். மறுபடியும் மூடினார்.

“போன வருஷம் படம் எடுத்தோமே…”

“எடுத்தீக. ஒண்ணுமில்லை, பழைய சளிதான்னு சொன்னீக.”

“நான் அப்படிச் சொல்லலை ஆச்சி.”

“நீங்க என்கிட்ட எதுவுமே சொல்லலை. என்னை வெளியில பெஞ்சியில உட்காத்தி வச்சீக. இராமுகிட்டச் சொன்னீக. என்ன சொன்னீக அவன்கிட்ட?”

டாக்டர் நல்லவர், ஏழைகளிடம் காசு வாங்காதவர். அதனாலேயே அவர் தலை குனிந்திருந்தது ஆச்சிக்கு அச்சமூட்டியது. அவர் சொன்னார். வலப்பக்க நுரையீரலின் மேற்பகுதியில் உருண்டையாக ஒரு நிழல் தெரிந்தது. நாலணாக் காசளவுதான். காசநோய் போலத் தோன்றவில்லை. புற்றாக இருக்கலாம் என்று ஐயப்பட்டார். நெடுநாள் இருமலும் இளைப்பும் உள்ளவர்களுக்கு இப்படி வந்தால் வெளியே தெரியாது. பழைய இருமலுக்குள் புதியது ஒளிந்துகொள்ளும். தற்செயலாகப் படத்தில் அகப்பட்டது பெரிய காரியம். காலந்தாழ்த்தாமல் வேலூருக்குக் கொண்டுபோனால் குழாய் விட்டுப் பார்த்து உறுதிசெய்வார்கள். நோய்ப்பட்ட நுரையீரலாயினும், இவ்வளவு சிறிதாக இருக்கும்போது அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட வழி உண்டு. அதுவரை புகையில் நிற்க விடக் கூடாது.

“இத்தனையும் இராமுகிட்டச் சொன்னீகளா?”

“ரெண்டு தடவை சொன்னேன். படத்தையும் அவர் கையிலதான் குடுத்தேன். போனதாத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“பொம்பளையாளுககிட்ட இதையெல்லாம் நேராச் சொல்றதில்லை ஆச்சி. பயந்துருவாக. வீட்டு ஆம்பளைகிட்டச் சொல்றதுதான் வழக்கம்.”

“சீக்கு எனக்கு. வழக்கம் யாருக்கு டாக்டர்?”

டாக்டர் எழுந்து போய்ப் பக்கத்து அறையில் மறுபடியும் படம் எடுத்தார். இந்த முறை அவர் கழுவிய படத்தை ஈரஞ்சொட்டச் சொட்ட ஆச்சியின் முன்னேயே விளக்குப் பெட்டியில் மாட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ஆச்சி தம் உள்ளங்கையைக் குவித்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். மாவை உருட்டி எடுத்தால் ஓர் அதிரசத்துக்கு எவ்வளவு வருமோ, அவ்வளவு இருந்தது.

“வளந்திருக்கு” என்றார் ஆச்சி. டாக்டர் தலையசைத்தார்.

வெளியே வந்தவருக்குச் சென்ற ஐப்பசி நினைவுக்கு வந்தது. இதே பெஞ்சியில்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து வந்த இராமு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “ஒண்ணுமில்லை ஆச்சி, பழைய சளிதானாம்” என்றான். படத்தில் தீங்கு இல்லையென்றால் காளையார்கோவிலுக்கு வந்து அருச்சனை செய்வதாக ஆச்சி வேண்டிக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை இராமுவே அழைத்துப் போனான். சந்நிதியில் ஆச்சி கைகூப்பி நின்றபோது பக்கத்தில் நின்று தேம்பினான். தமக்காகத் தம்பி இப்படி உருகுகிறானே என்று ஆச்சிக்குப் பெருமையாக இருந்தது. தம் முந்தானையால் அவன் கண்களைத் துடைத்தும் விட்டார்.

பொய் என்று சொல்லாதீர்கள், மறைப்பு என்று சொல்லுங்கள் என்று இதற்குப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. உண்மையைச் சொல்லாமல் விடுவது மறைப்பு. இல்லாததை இருப்பதாகச் சொல்லி, அதற்காகக் கடவுளுக்கு நன்றியும் சொல்ல வைப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

தம்பி வீட்டில் அன்று நடுப்பகல் உணவுக்கு இலை போட்டிருந்தார்கள். தையில் மணமுடித்துப் போன தம்பி மகள் சிகப்பி, ஐந்து மாதக் கர்ப்பத்தோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். நடு வாசலைச் சுற்றிய வளவில் இராமு இலைமுன் உட்கார்ந்திருக்க, அவன் மனைவி தேனம்மை பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“வாங்க ஆச்சி, நல்ல நேரத்துக்கு வந்தீக. இலை போடவா?” என்றாள் தேனம்மை.

ஆச்சி உட்காரவில்லை.

“இராமு, வேலூருக்கு எப்பப் போறோம்?”

பிசைந்த கை நின்றது. அவன் நிமிரவில்லை. சிகப்பிதான், “வேலூருக்கா? எதுக்கு அயித்தை?” என்று கேட்டாள்.

“உங்க அப்பச்சியைக் கேளு. அவனுக்குத்தான் வழி தெரியும். போன ஐப்பசியிலேயே டாக்டர் வழி சொல்லிவிட்டாராம்.”

மகள் ‘அப்பச்சி’ என்று அழைக்கும் இராமு, கையை இலையிலேயே உதறிவிட்டு எழுந்தான். “ஆச்சி, நான் சொல்லக் கூடாதுன்னு இல்லை…”

“சொல்லலை.”

“சிகப்பிக்குப் பேசி முடிச்சிருந்த நேரம். தையில கல்யாணம். பொண்ணோட அயித்தைக்கு நெஞ்சுக்குள்ள சீக்குன்னு வெளியில வந்தா அந்தப் பக்கம் என்ன நினைப்பாக? காசம்னுதான் பேசுவாக. குடும்பத்துக்கே இருக்கும்பாக. முடிச்சதை முறிச்சுக்கிட்டா இன்னொரு இடம் அமையுமா? கல்யாணம் முடியட்டும், மறுவாரமே கூட்டிக்கிட்டுப் போகலாம்னு…”

“முடிஞ்சிருச்சே. தை போயி ஆவணி வந்துருச்சே.”

“அப்புறம் ஆடி வந்துச்சு, சீர் செய்ய வேண்டியிருந்துச்சு. அப்புறம் இவளுக்கு மசக்கை. வயித்துப்பிள்ளைக்காரி காதுல விழக் கூடாதுன்னு பாத்தேன். நீங்களும் நல்லாத்தானே நடமாடிக்கிட்டு இருந்தீக. சொன்னா ஒடிஞ்சு போயிருவீகன்னு பயந்தேன் ஆச்சி.”

“ஒடிஞ்சா ஒட்டவைக்கத்தான்டா அங்க ஆஸ்பத்திரி கட்டி வச்சிருக்காக.”

தேனம்மைக்குப் பொறுக்கவில்லை. கணவன் குற்றவாளி போல் நிற்பதைக் காணச் சகியாமல் அவள் முன்வந்தாள். சொல்ல நினைத்தது வேறாக இருக்கலாம். வாயிலிருந்து வந்தது இது:

“அவுகளை மட்டும் சொல்லாதீக ஆச்சி. நானுந்தான் வேண்டாம்னேன். அந்த நேரத்துல உங்களை வேலூருக்கு அனுப்பிட்டா பலகாரம் யாரு சுடுறது? உங்க கைப் பலகாரம்னு அவுக வீட்டுல எதிர்பாத்துக்கிட்டு இருந்தாக. ஆளை வச்சுச் சுட்டா அந்தப் பக்குவம் வருமா?”

நடு வாசலில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டார்.

மார்கழி முழுவதும் இந்த வீட்டுப் பின்கட்டில்தான் நின்றார். மூன்று அடுப்பும் எரிந்தன. மழையில் நனைந்த விறகு. புகை கண்ணைக் கரித்தது. மாவு இடிக்க வந்த அமராவதிபுதூர்ப் பொன்னுத்தாயி, “நீங்க வெளியில காத்தாட உட்காருங்க ஆச்சி, நான் பாத்துக்கிறேன்” என்று எத்தனையோ முறை சொன்னாள். அவளுக்கும் இதே தொழில், இதே புகை, கொஞ்சம் இதே இருமல். ஆச்சி கேட்கவில்லை. தூக்கி வளர்த்த தம்பிக்கு ஒரே மகள். அவள் கல்யாணப் பலகாரத்தை வேறு கையில் விடுவதா? ஒருநாள் இராமு பின்கட்டு வாசல்வரை வந்தான். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, இருமி இருமி மனகோலம் பிழியும் அக்காளை நெடுநேரம் பார்த்தான். ‘ஆச்சி’ என்று அழைத்தான். “என்னடா?” என்றதற்கு, “ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சுடச்சுட ஒரு தேன்குழலை அவன் கையில் கொடுத்தனுப்பியதும் இப்போது நினைவுக்கு வந்தது.

“புகையில விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாராமே, இராமு” என்றார் ஆச்சி. குரல் உயரவில்லை. “நீ அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அந்த வாசல்ல நின்னியா?”

அவன் அழுதான்.

“அழுகாத. காளையார்கோவில்லயும் அழுத, நான் தொடைச்சுவிட்டேன். நீ என்னைச் சாகவிட்டதுகூடப் பெருசில்லைடா. சாமி முன்னால என்னை நிக்கவச்சு நன்றி சொல்லச் சொன்னியே, அதைத்தான் எங்க கொண்டுபோயி வைக்கிறதுன்னு தெரியலை.”

சிகப்பி எழுந்துவந்து அத்தையின் கையைப் பற்றினாள். “நான் உங்களோட வேலூருக்கு வாரேன் அயித்தை. என் மாமியார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

“வாயை மூடுடி, வயித்துல பிள்ளையோட!” என்றாள் தேனம்மை.

“மூடிக்கிட்டு இருந்ததெல்லாம் போதும் ஆத்தா. என் பேரைச் சொல்லித்தானே மூடினீக?”

சிகப்பியின் மாமியார் நாச்சம்மை ஆச்சி மறுநாளே கோட்டையூருக்குத் தம் காரில் வந்தார். பேச்சில் வழவழப்பு இல்லாத மனுஷி. உமையாள் ஆச்சியின் எதிரில் உட்கார்ந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“முன்னாடியே சொல்லியிருந்தா கல்யாணத்தை நிறுத்தியிருப்போமான்னு கேட்டா, நிறுத்தினாலும் நிறுத்தியிருப்போம். நல்லவ மாதிரிப் பொய் சொல்ல மாட்டேன். அப்ப எங்களுக்கு உங்களைத் தெரியாது. ஆனா உங்களைப் புகையில நிக்கவச்சுச் சுட்ட பலகாரத்தைத்தான் ஊரெல்லாம் எங்க பெருமைன்னு குடுத்தோம்னு நினைச்சா எனக்குத் தொண்டைக்குள்ள எறங்கலை. கெளம்புங்க. வண்டி நிக்குது.”

உமையாள் ஆச்சி அவரை உற்றுப் பார்த்தார். “இந்த ஒரு வருஷத்துல என்கிட்ட உண்மை பேசினது நீங்க ஒருத்திதான்” என்றார்.

புறப்படுகிற நேரத்தில் இராமு வந்தான். முதல் படத்தை, அதுவரை கடையில் துணிக்கட்டுகளுக்கு அடியில் வைத்திருந்ததை, கொண்டுவந்து நீட்டினான். தானும் வருவதாகச் சொன்னான். ஆச்சி படத்தை வாங்கிக்கொண்டார். அவரோடு காரில் சிகப்பியும் நாச்சம்மை ஆச்சியுமே ஏறினார்கள்.

வேலூரில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு தெரிந்த அன்று அங்கிருந்த மருத்துவரும் முதலில், “கூட ஆண்கள் யாரும் வந்திருக்கிறார்களா?” என்றுதான் கேட்டார்.

“வரலை. நான்தான் வந்திருக்கேன். என்கிட்டச் சொல்லுங்க” என்றார் ஆச்சி.

அவர் சொன்னார். புற்றுதான். நெஞ்சின் நடுவிலுள்ள நெறிக்கட்டிகளுக்குப் பரவிவிட்டது. இனி அறுப்பதென்றால் ஒரு பக்கம் முழுவதையும் எடுக்க வேண்டும். புகை தின்ற மறுபக்கம் தனியாகத் தாங்காது. ஆச்சி, மடியில் வைத்திருந்த முதல் படத்தை எடுத்து நீட்டினார். மருத்துவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“அப்பவே வந்திருந்தா?” என்று அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டார் ஆச்சி.

“உறுதியா எதையும் சொல்ல முடியாதும்மா. ஆனா முயற்சி செஞ்சிருப்போம். எங்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். உங்களுக்கும் இருந்திருக்கும்.”

‘கரண்டு’ என்று மக்கள் சொல்லும் கதிர்ச் சிகிச்சையைச் சில வாரம் செய்தார்கள். இரத்தம் நின்றது, வலி தணிந்தது. நோய் நிற்கவில்லை. அவ்வளவையும் மருத்துவர் ஆச்சியிடமே சொன்னார். சொன்னதால் ஆச்சி ஒடிந்து போய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓரிரவு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலையில் எழுந்து, ஊருக்குப் போகலாம் என்றார்.

கோட்டையூர் திரும்பியதும் உறவுப் பெண்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். சிலர் நோயின் பெயரைச் சொல்ல அஞ்சி, ‘அது’ என்றார்கள். ஆச்சி அவர்களை வளவின் வாசல்புறம் அழைத்துப்போய், வானத்து வெளிச்சத்துக்கு நேரே இரண்டு படங்களையும் தூக்கிப் பிடிப்பார்.

“இது போன வருஷம். இது இந்த வருஷம். நடுவுல என்ன இருந்துச்சு தெரியுமா? கல்யாணம். சரி, உங்க வீட்டுல ரொம்ப நாளா இருமுறவுக யாரு?”

சிலர் கணவர் பெயரைச் சொன்னார்கள், சிலர் மாமனார் பெயரை. சிலருக்கு முகம் சுருங்கியது. அவர்கள் பிறகு வரவில்லை. ஆச்சி அதற்காக வருந்தவில்லை. இராமு நாள்தோறும் வந்து முகப்பில் உட்கார்ந்திருந்தான். புதிதாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிவந்து வைத்தான். ஆச்சி அதைத் திறக்கவேயில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு இலை போடச் சொல்வார். பக்கத்தில் வந்து உட்கார மாட்டார். அவன் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

கார்த்திகையில் ஒருநாள் பொன்னுத்தாயியைப் பிடித்திழுக்காத குறையாக டாக்டரிடம் அழைத்துச் சென்றார். அவள் கணவன் பெரியகருப்பனும் உழவை விட்டுவிட்டு உடன் வந்தான். படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, பழக்கம் காரணமாகப் பெரியகருப்பனை நோக்கி, “நீங்க கொஞ்சம் உள்ளே வாங்க” என்றார்.

“அவ வருவா” என்றார் உமையாள் ஆச்சி. மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு சொல்லாகத்தான் சொல்ல முடிந்தது. “மூச்சு அவளுது.”

டாக்டர் ஆச்சியைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் பொன்னுத்தாயியை உட்காரச் சொன்னார்.

“பழைய சளிதான்மா. வேற ஒண்ணுமில்லை. அடுப்படியில புகை போக வழி செஞ்சுக்கங்க. இருமல் மாறினாலோ, இளைச்சாலோ உடனே வாங்க.”

“ஒண்ணுமில்லையா?” என்றாள் பொன்னுத்தாயி. அவள் டாக்டரை நம்பவில்லை. ஆச்சியின் முகத்தைத்தான் பார்த்தாள். “ஆச்சி, உங்ககிட்டயும் இதைத்தானே சொன்னாக?”

ஆச்சி விளக்குப் பெட்டியருகே போய் நின்றார். இப்போது அவருக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை, பிறகு இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை, மெல்லப் பார்த்தார். வெள்ளையாக உருண்டை எதுவும் இல்லை.

“என் கண்ணுக்கு உருண்டை எதுவும் தெரியலைடி” என்றார். “டாக்டர், அவளுக்கு நம்பிக்கை வாரமாதிரி விரலை வச்சுக் காட்டுங்க.”

டாக்டர் எழுந்து வந்தார். விலா எலும்பு ஒவ்வொன்றாக விரல் வைத்து, பொன்னுத்தாயிக்கு அவள் நெஞ்சைக் காட்டினார். அவர் விரல் போன இடமெல்லாம் அவள் கண் போயிற்று. பெரியகருப்பன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ‘ஒண்ணுமில்லை’ என்னும் சொல்லை முந்தைய ஆண்டு ஐப்பசியில் இப்படிச் சோதித்துப் பார்க்கத் தமக்கு ஒருவர் இருந்திருக்கலாமே என்று உமையாள் ஆச்சி நினைத்தார். இருந்தவன் ஒருவன்தான், அவனைத்தான் நம்பினார்.

1970ஆம் ஆண்டு பங்குனியில் ஆச்சி இறந்தார். அதற்கு முன்பே சிகப்பிக்குப் பெண் பிறந்து, உமையாள் என்று பெயர் வைத்திருந்தார்கள். பேர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இராமு நினைத்திருந்தால், அதுவும் அவன் செய்த பிழைகளில் ஒன்று.

இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் ஆண்டுக்கணக்காக இருமுகிறவர் யார்? அவர் இருமலை இன்று உற்றுக் கேளுங்கள். அவரை அழைத்துப்போய்ப் படம் எடுக்கச் செய்யுங்கள். டாக்டர் உங்களை மட்டும் உள்ளே அழைத்தால் போகாதீர்கள். நோயுற்றவரை உள்ளே உட்காரவைத்து, அவர் காதில் விழும்படி சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் கல்யாணம் இருந்தால் அது காத்திருக்கட்டும். பலகாரத்தைக் கடையில் வாங்குங்கள்.